கொங்காணிக் கோழிக்கு எழுதிய லட்சணம்

கோழிக்கு லட்சணம் எழுத ஒரு மனிதர் மஸ்கெலியாவில் பஸ் ஏறி, பஸ் போகாத இடத்துக்கு ஆட்டோ பிடித்து, ஆட்டோவும் மாட்டேன் என்ற இடத்திலிருந்து குடை பிடித்துக்கொண்டு நடந்து வருவார் என்று ஊசிக்கல் தேயிலைத் தோட்டத்தில் யாரும் நினைத்திருக்கவில்லை. வந்தவர் இல்ஹாம். மஸ்கெலியாவில் கோழித் தீனிக் கடை வைத்திருப்பவர். மனுசருக்குக் கோழி என்றால் பைத்தியம், தின்பதற்கல்ல, பார்ப்பதற்கு. காலில் இறகு முளைத்தது, தலையில் பந்து வைத்தது, உடம்பெல்லாம் பட்டுநூலாகத் தொங்குவது என்று வீட்டுக்குப் பின்னால் வகைவகையாக வளர்த்தார். நுவரெலியாவில் இப்படிப்பட்ட பைத்தியங்களெல்லாம் கூடி அழகுக் கோழிச் சங்கம் ஒன்று வைத்திருந்தார்கள். அதற்கு இல்ஹாம்தான் செயலாளர்.

அவர் பார்க்க வந்தது சோலைமலைக் கங்காணியின் கோழியை. தோட்டத்துச் சனம் அதற்கு வைத்த பெயர் கொங்காணிக் கோழி. மழைக்கும் பனிக்கும் கொழுந்தெடுக்கும் பெண்கள் தலையிலிருந்து முதுகுவரை போர்த்திக்கொள்வதுதான் கொங்காணி. அந்தக் காலத்தில் சாக்கும் கம்பளியும், இன்றைக்குப் பிளாஸ்டிக் ஷீட். பெயர் மட்டும் மாறவில்லை. இந்தக் கோழிக்குக் கழுத்திறகு கீழே படியாமல் மேலே வளர்ந்து, தலையைச் சுற்றிக்கொண்டு முகத்துக்கு முன்னால் வந்து கூடியது. எதிரே நின்று பார்த்தால் அலகின் நுனி மட்டும் தெரியும். நிறமோ நனைந்த கம்பளியின் சாம்பல்.

“யா அல்லாஹ்! இப்பிடி ஒன்ன நான் படத்துலயும் கண்டதில்ல,” என்று இல்ஹாம் சேற்றிலேயே குந்திவிட்டார். “சோலமல, இது தனி இனம். சங்கத்துல ஏத்திப்புடலாம். ஸ்டான்டட் ஒன்னு எழுதணும், அவ்வளவுதான். தல எப்பிடி, ஒடம்பு எப்பிடி, நட எப்பிடி, எது இருந்தா நல்ல கோழி, எது இருந்தா கழிச்சுக் கட்டுற கோழி, எல்லாம் வரும்.”

“லட்சணம்னு சொல்லுங்க,” என்றார் சோலைமலை.

“அதேதான். ஆனா ஒன்னு வெளங்கிக்கங்க. கூட்டுல ஈக்கிற கோழியப் பாத்து எழுதுறதில்ல இது. இன்னும் பொறக்காத கோழிய எழுதுறது. எல்லாம் சரியா அமஞ்ச ஒரு கோழி, அது எந்தக் கூட்டுலயும் இல்ல. வளக்கிறவங்க எல்லாரும் அத நோக்கி வளப்பாங்க. ஒவ்வொரு தலமொறையும் கொஞ்சங் கொஞ்சமா அதுக்குக் கிட்ட வரும்.”

 “கிட்ட வருமா நானா?” என்று கேட்டார் சோலைமலை. முஸ்லிம் அண்ணன்மாரை அந்தப் பக்கத்தில் நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“எழுதினத விட்டு வெலகாம வளத்தா வராம எங்க போகும்?”

“இனத்துக்குப் பேரு நாங்க வைக்கலாமா?”

“வளத்த ஆள்தான் வைக்கணும்.”

“அப்ப பூரணின்னு வைங்க.”

பூரணி அவருடைய மனைவி. இரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலையில்லாத நாள், மழை கொஞ்சம் விட்டதே என்று தோட்டத்தின் மேற்பகுதியான மேமலைக்கு விறகுக்குப் போனாள். மலை சரிந்தது. ஆமிக்காரர் வந்தார்கள், மெசின் வந்தது, வரிசை வீடுகளான லயத்திலிருந்து ஆண்கள் வந்து கையாலேயே தோண்டினார்கள். ஒற்றைச் செருப்பும் விறகு கட்டக் கொண்டுபோன கயிறும் கிடைத்தன. ஆள் கிடைக்கவில்லை. தோட்டத்தில் செத்தவர்களுக்குத் தேயிலை ஓரத்தில் ஒரு மேடாவது இருக்கும். அதன்மேல் ஒரு பூச்செடி வைப்பார்கள், வருசத்துக்கு ஒருநாள் பால் ஊற்றுவார்கள். பூரணிக்கு அதுவும் இல்லை. பிள்ளைகுட்டியும் இல்லை. சோலைமலை போய்ச் சேர்ந்த மறுநாள் இப்படி ஒருத்தி இருந்தாள் என்று சொல்லக்கூட யாரும் இருக்கமாட்டார்கள். அவள் பெயர் எங்காவது ஓரிடத்தில் நிற்க வேண்டும். மனிதருக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே ஆசை அதுதான்.

கோழி எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊசிக்கல்லில் ஒரு பழக்கம் உண்டு. பனி மூடிவிட்டால் மலையில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். ‘ஓ’ என்று ஒரு குரல் கொடுப்பார்கள், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ‘ஓ’ வரும், அவ்வளவுதான். பேரைச் சொன்னால் அந்தப் பேருக்குரியவர் வராமல் வேறு ஏதாவது வந்துவிடும் என்று நம்பிக்கை. கங்காணிக்கு இது தெரியாதா? எத்தனை பெண்களை இதற்காக அவரே ஏசியிருக்கிறார். ஆனாலும் மலை சரிந்த பிறகு, வேலை முடிந்ததும் மேமலைக்குப் போய்ப் பனிக்குள் நின்று, “பூரணி, ஏ பூரணி” என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார். தடுக்கப் போனவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். அப்படி ஒரு பின்னேரம் இறங்கி வரும்போது பின்னால் சின்னக் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் தலையை மூடிய ஒரு கோழி. அவர் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது, லயத்தில் அவருடைய அறையான காம்பராவின் வாசல்வரை வந்து உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலையில் அது பெரட்டுக்களத்துக்கு வந்தது. பெரட்டுக்களம் என்றால் விடிந்ததும் ஆட்கள் கூடி, யார் யாருக்கு எந்த மலை என்று கேட்டுக்கொள்ளும் இடம். கோழி பெண்களோடு பெண்ணாக வரிசையில் போய் நின்றது. “கங்காணி, ஒங்க கோழிக்கு முழுப்பேரா, அரைப்பேரா?” என்று ஒருத்தி கேட்டாள். முழுநாள் சம்பளமா, அரைநாள் சம்பளமா என்று அர்த்தம். எல்லோரும் சிரித்தார்கள். மலைக்குப் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. கொழுந்தெடுப்பவர்களுக்கு ஆளுக்கொரு நிரை உண்டு. கீழேயிருந்து மேலே செடி வரிசையைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். மழைத்தண்ணீர் ஓடும் கான் ஓரத்துக் கடைசி நிரை பூரணியுடையது. அவள் போன பிறகு யாரும் அதைப் பிடிக்கவில்லை. கோழி நேராகப் போய் அந்த நிரையைப் பிடித்தது. கிளறவில்லை, கொத்தவில்லை, சத்தம் போடவில்லை. பக்கத்துப் பெண்களுக்குச் சமமாகச் செடிக்குச் செடி நின்று நின்று ஏறியது. கொழுந்து நிறுக்க எல்லோரும் இறங்கியபோது அதுவும் இறங்கியது.

அதற்கு ஒரு நாட்டுச் சேவலைச் சேர்த்தார் சோலைமலை. குஞ்சுகளில் பாதிக்குமேல் கொங்காணி முளைத்தது. வளர்ந்ததும் அவையும் ஆளுக்கொரு நிரை பிடித்தன. சேவல் கூவவில்லை, பெட்டை கத்தவில்லை. பனி விலகும்போது பார்த்தால் மலையின் ஒரு பாதியில் பெண்களும் மறுபாதியில் கோழிகளுமாக ஒரே வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கும். சில பெண்கள் வேறு மலைக்கு மாற்றம் கேட்டுப் போனார்கள். இல்ஹாம் வந்த நேரத்தில் நிலைமை இப்படி இருந்தது.

அன்றைக்கே எழுதத் தொடங்கினார்கள். இல்ஹாம் போனில் தட்டினார். நிறம், கால், நகம், வால் எல்லாம் சுலபமாக முடிந்தன. ‘நடை’ என்ற இடத்துக்கு வந்ததும் சோலைமலை ஆரம்பித்தார் பாருங்கள், தட்டுகிற மனிதருக்கு விரல் வலித்துவிட்டது.

“கழுத்து முன்னால தாழ்ந்து இருக்கணும் நானா. முதுகுல பாரம் தொங்குற மாதிரி. நிமிரவே கூடாது. ஏத்தத்துல வலது கால மொதல்ல வைக்கணும். ரெண்டு செடி தாண்டினதும் ஒருக்கா நிக்கணும், ஆனா நின்னது தெரியக் கூடாது. பக்கத்து நெரயத் திரும்பிப் பாக்கக் கூடாது.”

“அடேயப்பா, நீங்க சங்கத்துல ஈக்க வேண்டிய ஆளு!”

இதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? கங்காணியின் வேலையே அதுதானே. கீழ் ரோட்டில் நின்றுகொண்டு மேலே ஏறும் முதுகுகளைப் பார்ப்பது. இருபது வருசமாக அவர் அதைச் செய்தார். எந்த முதுகு சோர்கிறது, எந்தக் கழுத்து நிமிர்கிறது, யார் கை நிற்கிறது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். மனைவி என்று பூரணிக்குத் தனிச் சலுகை எதுவும் கொடுத்ததில்லை. கொடுத்ததில்லை என்று பெருமை வேறு.

அடுத்த அடை பொரித்து, குஞ்சுகள் வளர்ந்ததும் இல்ஹாம் மறுபடி வந்தார். எல்லாவற்றுக்கும் கழுத்து முன்னால் தாழ்ந்திருந்தது. ஏற்றத்தில் எல்லாம் வலது காலை முதலில் வைத்தன. இல்ஹாமுக்கு முதலில் சந்தோசம் தாங்கவில்லை. தேத்தண்ணி குடித்து முடிக்கும்போது சந்தோசம் கொஞ்சம் குறைந்திருந்தது.

“நான் எத்தனையோ இனம் வளத்திருக்கேன். ஒரே தலமொறையில இப்பிடி வராது சோலமல. யாரோ காதுல செல்லிப் பொறந்த மாதிரி ஈக்குது.”

அதற்கடுத்த அடையில் இன்னொன்று வந்தது. உச்சந்தலையில் இந்தக் காதோரத்திலிருந்து அந்தக் காதோரம்வரை ஒரு கோடு. அந்தக் கோட்டில் இறகே இல்லை. தோல் காய்ப்புக் காய்ச்சிப் போயிருந்தது. இல்ஹாம் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

“இது நாங்க எழுதல்லையே.”

எழுதவில்லைதான். சொல்லவும் இல்லை. ஆனால் நினைத்திருந்தார் சோலைமலை. கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் மாட்டித்தான் முதுகில் தொங்கும். வருசக்கணக்காகக் கயிறு அழுத்தி, பூரணிக்கு அந்த இடத்தில் முடி முளைக்காமலே போய்விட்டது. நடையைச் சொல்லும்போது அந்தத் தழும்பு மனதில் வந்து போனது, அவ்வளவுதான். இப்போது கூண்டிலிருந்த ஒவ்வொரு தலையிலும் அது இருந்தது. புத்தியுள்ள மனிதன் அந்த இடத்திலேயே பயந்திருப்பான். சோலைமலைக்குச் சந்தோசமாக இருந்தது. 

லட்சணத்துக்கு ஒத்துவராத குஞ்சுகளையும் சொல்ல வேண்டும். கழுத்து நிமிர்ந்தது, கொங்காணி சரியாக மூடாதது, கிளறிக்கொண்டு திரிவது, இதையெல்லாம் அவர் இரக்கமில்லாமல் கழித்துக்கட்டினார். லயத்தில் கேட்டவர்களுக்குக் கறிக்குக் கொடுத்துவிடுவார். முதலில் வாங்கியவர்கள் பிறகு வேண்டாம் என்றார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

மாசி மாதத்தில் இல்ஹாம் வந்து, “மொகம் மட்டுந்தான் பாக்கி. சித்திர சீசனுக்கு நுவரெலியாவுல கோழிக் காட்சி ஈக்குது. அதுக்கு முந்தி எழுதிக் குடுத்துட்டா கண்டி, கொழும்பு எல்லா எடத்துக்கும் முட்ட போகும். கேட்டு நிக்கிறாங்க,” என்றார். இருந்ததில் சிறந்த பெட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு கட்டைவிரலாலும் கொங்காணியை மெதுவாக விலக்கினார்.

கோழியின் முகம் வெளிறிப்போய் இருந்தது. கோழி இல்ஹாமைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலாகச் சோலைமலையைப் பார்த்தது. பிறகு கண்ணை மூடித் திறந்தது. இல்ஹாமின் கை சட்டென்று விலகியது. கொங்காணி மூடிக்கொண்டது. அவர் எழுந்து போய் வேறொன்றைப் பிடித்துப் பார்த்தார், இன்னொன்றைப் பிடித்துப் பார்த்தார், அதோடு நிறுத்திக்கொண்டார்.

“சோலமல, கோழி கண்ண மூடினா கீழ் எம மேல வரும். ஒலகத்துல எந்தக் கோழியும் அப்பிடித்தான்.”

“தெரியும்.”

“இதுகளுக்கு மேல் எம கீழ எறங்குது. மனுசனுக்கு எறங்குற மாதிரி. எடது கண்ணு பாதிதான் மூடுது.”

“கவ்வாத்து வெட்டுன மலையில காஞ்ச தேயிலக் குச்சி பொறுக்கப் போனப்ப, ஒரு குச்சி குத்திருச்சு. அன்னையிலருந்து பாதிதான் மூடும்,” என்றார் சோலைமலை.

“யாருக்கு?”

 இல்ஹாமுக்குப் பதில் தேவைப்படவில்லை. இத்தனை மாதமாக எந்த உயிரின் லட்சணத்தைத் தட்டிக்கொண்டிருந்தோம் என்று அந்த நிமிசத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. போனை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“இத நான் என் வாயால செல்லமாட்டேன். நல்ல லட்சணம்னு எழுதினா நாடு பூரா ஒவ்வொரு கூட்டுலயும் இந்தக் கண்ணுதான் பாத்துக்கிட்டு ஈக்கும். குறைன்னு எழுதினா, இந்தக் கண்ணோட பொறக்கிறத எல்லாம் அறுப்பாங்க. நல்லா யோசிச்சு நீங்களே செல்லுங்க. செல்றத அனுப்புறேன்.”

அவர் போனதும் சோலைமலை கூண்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. நல்ல லட்சணம்தான். கழுத்து வந்துவிட்டது, தழும்பு வந்துவிட்டது, கண் வந்துவிட்டது. இன்னும் இரண்டு மூன்று தலைமுறை பொறுத்தால் மிச்சமும் வரும். மிச்சம் வந்தால் அது எப்படி இருக்கும், எந்த உடம்பில் இருக்கும், கூண்டுக்குள் அடங்குமா என்று அவர் நினைக்கவில்லை.  கூண்டுகளுக்குள் கொங்காணிகள் எல்லாம் அவர் பக்கமே திரும்பியிருந்தன.

அந்த நேரத்தில் நாகலெட்சுமி வந்தாள். பூரணியின் பக்கத்து நிரைக்காரி. இருவரும் வேலைக்குச் சேர்ந்ததும் ஒரே நாள், கூடை மாற்றிக்கொள்வதும் சோறு மாற்றிக்கொள்வதும் வழக்கம். கக்கத்தில் ஒரு கோழியை இடுக்கிக்கொண்டு வந்தாள். அவர் கறிக்குக் கொடுத்ததுதான். கழுத்து நிமிர்ந்து, கொங்காணி அரைகுறையாக நின்ற பெட்டை.

“அறுக்க மனசு வரல அண்ணே. நீங்களே வச்சுக்குங்க,” என்று இறக்கிவிட்டாள். அது உடனே போய் அவருடைய செருப்பைக் கொத்தியது.

“அது லட்சணத்துக்குச் சரிவராது நாகு.”

“அண்ணே, நெசமாச் சொல்லுங்க. இதுகள எல்லாம் பூரணின்னு நெனக்கிறீங்களா?”

“ஒனக்குத் தெரியலையா? பக்கத்து நெரயில நிக்கிறியே. ஒனக்குப் பயமா இருக்கா?”

“பயமில்ல. எரிச்சலா இருக்கு!” என்றாள் நாகலெட்சுமி. அவளுக்குக் குரல் உடைந்தது. “உசுரோட இருந்தப்ப மழையிலயும் அட்டக்கடியிலயும் நெர புடிச்சா. லீவு நாள்ல கூட ஒக்காரல, வெறகுக்குப் போனா. செத்தும் அவளுக்கு நெரதானா? அதுவும் ஒரு நெர பத்தாதுன்னு பத்து நெர, இருவது நெர. இப்ப கண்டி கொழும்புக்கும் அனுப்பப் போறீங்களாமே. ஒரு பொம்பளய எத்தன தடவ மலைக்கு அனுப்புவீங்க?”

“அவ திரும்பி வந்திருக்கா நாகு.”

“அவ வரல. அவ சொமதான் வந்திருக்கு.”

“அந்தக் கண்ணு? எடது கண்ணு அவ கண்ணுதானே?”

“அது கண்ணில்ல அண்ணே. அது காயம்.”

நாகலெட்சுமி கூண்டுகளைக் கையால் காட்டினாள்.

“கூடைய எறக்கி வச்சிட்டு, கொங்காணியையும் கழட்டிப் போட்டா அவ மூஞ்சி எப்பிடி இருக்கும்? சிரிச்சா எப்பிடி இருப்பா? அத எழுதச் சொன்னீங்களா கோழிக்கார நானாகிட்ட?”

அவர் யோசித்தார். முதுகு ஞாபகம் வந்தது. பின்கழுத்து, ஏற்றத்தில் வைக்கும் வலது கால், அடுப்புக்கு முன்னால் குந்தியிருக்கும்போதும் முதுகுதான். சிரித்தால் கன்னத்தில் குழி விழுமா? தெரியவில்லை. எவ்வளவு முயன்றும் தெரியவில்லை. ஒரே காம்பராவில் அத்தனை வருசம் இருந்தும் பெண்டாட்டியின் சிரித்த முகம் தெரியாத ஒருவன், அவளுக்கு லட்சணம் எழுதக் கிளம்பியிருக்கிறான். அவருக்கு அவமானமாக இருந்தது. பிறகு அழுகை வந்தது. மலை சரிந்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை.

நாகலெட்சுமி அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. “சீனித் தேத்தண்ணின்னா உசுரு அவளுக்கு. எஞ்சீனியையும் திருடிருவா,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரமே இல்ஹாமைப் போன் பண்ணி வரச்சொன்னார். இல்ஹாம் வந்தார், ஆனால் கூண்டுப் பக்கம் போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டார்.

“எழுதுங்க நானா,” என்றார் சோலைமலை. “மொகம் தெறந்து இருக்கணும். கொங்காணி இருந்தா அது குறை. கழுத்து நிமிந்து இருக்கணும். தலையில கயித்துத் தழும்பு இருந்தா குறை. கண்ணு ரெண்டும் முழுசா மூடணும். கத்தணும், கெளறணும், வெயில் வந்தா புழுதியில பொரளணும். நெர புடிச்சு நடக்கவே கூடாது.”

இல்ஹாம் தட்டிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். “மிச்சம் என்னா ஈக்குது? சாதாக் கோழிதானே! சங்கத்துல சிரிப்பாங்க சோலமல. இத இனம்னு ஏத்துக்கமாட்டாங்க.”

“ஏத்துக்க வேணாம்.”

“அப்ப பேரு?”

கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். மூன்று வருசமாக அவர் பிடித்துக்கொண்டு நின்றது அந்த ஒன்றைத்தான். பெயரை எடுத்துவிட்டால் பூரணிக்கு மேடும் இல்லை, செடியும் இல்லை, எழுத்தும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். இல்ஹாம் அவர் முகத்தைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார், நல்ல மனிதர்.

“பேர அழிச்சிருங்க நானா.”

“யோசிச்சுத்தான் செல்றீங்களா?”

“கூனிக்கிட்டு மலையேறுற கோழிக்கு அவ பேரு வேணாம். அவ எறக்கி வைக்கட்டும்.”

இல்ஹாம் அழித்தார். அழித்ததைத் திருப்பிக் காட்டினார். சோலைமலை தலையாட்டினார்.

மறுநாள் விடியலில் வழக்கம்போலக் கூண்டைத் திறந்தும் பெரட்டுக்கு ஒரு கோழியும் வரவில்லை. அந்த வாரத்துக்குள் கொங்காணிகள் உதிரத் தொடங்கின. கூண்டுக்கடியில் சாம்பல் இறகு குவிந்து கிடந்தது. இறகுக்கு உள்ளேயிருந்து வெளிவந்தவை சாதாரணக் கோழி முகங்கள். சிவந்து, ஒன்றும் விளங்காமல் முழிக்கும் முகங்கள். ஒவ்வொன்றாகப் பிடித்துக் கண்ணைப் பார்த்தார். கீழ் இமை மேலே வந்து முழுசாக மூடியது. இடது கண்ணும் மூடியது. இதைத்தானே கேட்டோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனாலும் நெஞ்சு வெறுமையாகக் கிடந்தது. அவளை இரண்டாம் தடவையும் பறிகொடுத்துவிட்டது போல் இருந்தது. கூண்டுக் கதவுகளைக் கழற்றிவிட்டார். அவை லயத்தைச் சுற்றிக் கிளறிக்கொண்டு, கத்திக்கொண்டு, அடுத்த வீட்டுக் கீரைப்பாத்தியைப் பாழாக்கிக்கொண்டு திரிந்தன.

சித்திரை பிறந்து, முதல் மழைக்குக் கொழுந்து பொங்கிய ஒருநாள். முற்பகல், மலையில் பாதிக்குப் பனி. சோலைமலை கீழ் ரோட்டில் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தார். கான் ஓரத்துக் கடைசி நிரை வெறுமையாக இருந்தது. அதைப் பார்க்காமல் நடக்கப் பழக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போகும்போது மேலே பெண்கள் சிரித்தார்கள்.

ஒருத்தி இரண்டு பேர் அல்ல, மலை முழுக்கச் சிரித்தது. மூன்று வருசமாக அந்த மலையில் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதில்லை. “என்னா சிரிப்பு அங்க?” என்று அதட்டினார். எல்லோரும் உதட்டைக் கடித்துக்கொண்டு செடிக்குள் குனிந்தார்கள். அவர் திரும்பி நடந்தார். மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை நாகலெட்சுமி தன் நிரையை விட்டு இறங்கி ரோட்டுக்கே வந்துவிட்டாள். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஆனால் முகம் வெளுத்திருந்தது.

“திரும்பிப் பாக்காதீங்க அண்ணே. அப்பிடியே நில்லுங்க. மெல்லக் கடக்கண்ணால பாருங்க.”

பார்த்தார். அவருக்குப் பின்னால் ரோட்டின் நடுவில் அந்தக் கோழி நின்றது. நாகலெட்சுமி அறுக்காமல் கொண்டுவந்து விட்ட, லட்சணத்துக்குச் சரிவராத அந்தப் பெட்டை. கையைப் பின்னால் கட்டுவதுபோல இறக்கை இரண்டையும் முதுகுக்கு மேல் தூக்கிச் சேர்த்துக் கட்டியிருந்தது. அவர் ஒரு எட்டு வைத்தார். அதுவும் ஒரு எட்டு வைத்தது, காலைக் கொஞ்சம் அகட்டி, குதிகாலை அழுத்தி. அவர் நின்றார், அதுவும் நின்றது. அலகை உயர்த்தி, மலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு பார்வை பார்த்தது. பிறகு தொண்டையைச் செருமியது. அச்சு அசல் சோலைமலைக் கங்காணி.

“இத அவ தெனமும் செய்வா அண்ணே,” என்றாள் நாகலெட்சுமி, குரலைத் தாழ்த்தி. “நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும் கொங்காணியத் தள்ளி விட்டுட்டு, நெரயிலருந்து எறங்கி வந்து, ஒங்க பின்னாடியே இப்பிடி நடந்து காட்டுவா. நாங்க சிரிச்சே செத்துருவோம். நீங்க திரும்புறதுக்குள்ள ஓடிப்போயி குனிஞ்சிக்குவா. ஒங்களுக்கு ஒரு நாளும் தெரியாது.”

இருபது வருசம். அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்ததாக நினைத்த இருபது வருசமும் அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தலையை நிமிர்த்தி, முகத்தைத் திறந்து, வாய்கொள்ளாத சிரிப்போடு, அவர் முதுகுக்கு இரண்டு எட்டுப் பின்னால். சட்டென்று திரும்பிவிட்டால் பார்த்துவிடலாமோ என்று ஒரு கணம் உடம்பு துடித்தது. திரும்பினால் ஓடிப்போய்க் குனிந்துகொள்வாள்.

அவர் திரும்பவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். காலை அகட்டி, குதிகாலை அழுத்தி நடந்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே அழுத்தினார். நின்றார், தாடையை உயர்த்தி மலையைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். மேலே சிரிப்பு வெடித்தது. அவருக்குக் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளக் கையை எடுக்கவில்லை. மலை முடியும்வரை நடந்தார்.